மலை ஏன் எப்போதும் நீலம்?

கேள்வி, ஜனவரி 10

கேரள எல்லையில் கோவிந்தாபுரம் பக்கம் வரைந்தவை என்று நீங்கள் போட்ட படங்களில் பதினாறைப் பார்த்தேன். பதினாறிலும் நெல்லியாம்பதி மலை நீலம். போன ஆடி மாதம் குடும்பத்தோடு கொல்லங்கோடு வந்திருந்தேன். மலை பச்சைப் பசேலென்று நின்றது, பாறை இடுக்கெல்லாம் வெள்ளையாகத் தண்ணீர் இறங்கியது. போட்டோ வைத்திருக்கிறேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஏன் காலண்டர் படம் மாதிரி நீலத்தை அடித்து வைக்கிறீர்கள்? அதே வயல், அதே பனை, அதே மலை. அலுக்கவில்லையா?

ஜனவரி 10, இரவு

தூரத்து மலை நீலமாகத்தான் தெரியும். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று, சூரிய வெளிச்சத்தில் உள்ள நீலத்தை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதற வைக்கிறது. அது மெல்லிய திரை போல மலைமேல் விழுகிறது. தூரம் கூடக் கூடத் திரை தடிக்கும். வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். கண்ணில் பட்டதைத்தான் வரைந்தேன்.

ஜனவரி 11

போட்டோவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். போன் கேமரா நிழலைத் தூக்கிக் காட்டும், பச்சையை ஏற்றிக் காட்டும். ஒரே வரப்பில் நின்று இரண்டு போனில் எடுத்துப் பாருங்கள், இரண்டு பச்சை வரும்.

அலுப்பு பற்றிக் கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நான் போர்டு எழுதுகிற ஆள். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் தமிழ், இரண்டு எழுத்தும் எழுதுவேன். ரேஷன் கடை, அரிசி மில், கள்ளு ஷாப்பு, கட்சிச் சுவர் எல்லாம் எனாமல் பெயின்ட்டில் எழுதியிருக்கிறேன். பிளெக்ஸ் வந்தபிறகு வேலை வாரத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. மீதி ஆறு நாளில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் வாட்டர் கலர் வாங்கினேன். சொல்லித்தர யாரும் இல்லை. முதல் வருஷம் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். நெல்லியாம்பதி ஏறினேன், மலம்புழா போனேன், முதலமடை ஸ்டேஷனில் அந்த ஆலமரங்களுக்கு அடியில் நாள் முழுக்க உட்கார்ந்தேன். எங்கே போனாலும் எல்லாம் அழகாக இருந்தது. எதை விடுவதென்று தெரியாமல் கை அத்தனையையும் அள்ளிப் போட்டது. ஒன்றும் தேறவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வயலில் உட்கார்ந்த பிறகுதான் தேறியது. அங்கே எனக்கு எல்லாம் தெரியும். எந்த மடையில் தண்ணீர் உள்ளே வரும், எந்த வரப்பு யாருடையது, எந்தப் பனையில் இடி விழுந்தது என்பதெல்லாம். அதனால் நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த ஒன்றை வரைவேன். மிச்சமெல்லாம் அதற்குத் துணைக்கு நிற்கும்.

ஜனவரி 19

எப்படி வரைகிறேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் அதைக் காற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவர் மாதிரி வந்து பாலக்காட்டில் திறந்துகொள்கிறது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். வடக்கே நீலகிரி பக்கத்து மலைகள், தெற்கே ஆனைமலை, நெல்லியாம்பதி. நடுவில் நாங்கள். மார்கழி, தை மாதத்தில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கீழ்க்காற்று இந்தச் சந்தில் புகுந்து அடிக்கும். வறண்ட காற்று. காலை எட்டரைக்கு மேல் ஷீட்டில் ஒரு வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணப் பூச்சு) போட்டால், பிரஷ் வலது ஓரம் போய்ச் சேருவதற்குள் இடது ஓரம் காய்ந்துவிடும். வானத்தில் கோடு கோடாக விளிம்பு விழும்.

அதனால் ஆறேகாலுக்கெல்லாம் போய்விடுவேன். 300 ஜிஎஸ்எம் கனத்தில் பருத்தித் தாள். இரண்டு பக்கமும் தண்ணீரில் நனைத்து ஒரு அக்ரிலிக் பலகைமேல் ஒட்டவிட்டால் அடிப்பக்க ஈரம் அரை மணி நேரம் தாங்கும். தண்ணீர் டம்ளரில் இரண்டு சொட்டு கிளிசரின். முதலில் பென்சிலில் நாலு கோடு மட்டும்: வானம் முடிகிற இடம், மலையடி, வயல் ஆரம்பிக்கிற இடம், வாய்க்கால். பிறகு வானம், மலை, தூரத்து மரங்கள், கடைசியில் பனை. வெளிச்சமானதிலிருந்து இருட்டுக்குப் போக வேண்டும். எனாமலில் வேலை செய்த கைக்கு இது தலைகீழ். எனாமலில் கறுப்புக்கு மேல் வெள்ளை எழுதலாம். இங்கே வெள்ளை என்பது தாள்தான். விட்டால் விட்டது, போனால் போனது.

கொக்குகளை அப்படித்தான் விடுகிறேன். உழுத வயலில் டிராக்டருக்குப் பின்னால் முப்பது கொக்கு நிற்கும். முப்பதையும் சுற்றி வண்ணம் போக வேண்டும். ஆறோ ஏழோதான் பிழைக்கும்.

பிப்ரவரி 2

என்ன நீலம் என்று கேட்டவருக்கு: அல்ட்ராமரைன்.

ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துத்தான் இந்த நீலம் கிடைத்தது. ஐரோப்பாவில் தங்கத்துக்குச் சமமாக மதித்தார்கள். 1820களில் பிரான்ஸில் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்த பிறகுதான் விலை இறங்கியது. இறங்கி இறங்கி எங்கள் வீட்டுச் சலவைத் தொட்டி வரைக்கும் வந்தது. சொட்டு நீலம் வருவதற்கு முன்னால் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி வைத்திருப்பார்களே நீலப்பொடி, அது இதே சரக்கு. அம்மா வேட்டி அலசுகிற நீலத்தில் ஒரு சிட்டிகை எடுத்து அப்புச்சி (அம்மாவின் அப்பா) சுண்ணாம்பில் கலந்து பொங்கலுக்குச் சுவருக்கு அடிப்பார். அந்தச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தால் எதிரே மலை. சுவரும் மலையும் ஒரே நிறமாகத் தெரியும். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மலைக்கும் அப்புச்சிதான் அடித்தார் என்று நம்பியிருந்தேன்.

டியூபில் வருகிற அல்ட்ராமரைன் தாளில் ஒரே சீராகப் படியாது. குருணை குருணையாகத் தாளின் குழிகளில் போய் உட்காரும். பாறை முகத்துக்கு அந்தக் குருணை அவ்வளவு பொருந்தும். கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைச் சேர்த்தால் சாம்பல் நிறம் வரும். அதைக் கெட்டியாகக் கலந்தால் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசல். கேரளாவில் கரிசல் மண்ணா என்று கேட்பார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கில் இருக்கிறது. சித்தப்பா காட்டில் காலை விட்டால் செருப்பு வராது. மழை பெய்த மறுநாள் அந்த மண் கறுப்பே கிடையாது, கத்தரிக்காய்த் தோல் நிறம். காய்ந்து வெடித்த பிறகு யானைத் தோல்.

பிப்ரவரி 15

நேற்றுப் போட்ட படத்தில் தண்ணீரில் தெரிகிற நிழல் தப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே பனைக்குப் பின்னால் மலை உயரமாக நிற்கிறது, தண்ணீரிலும் அதே உயரத்துக்குக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அப்படி இருக்காதாம். தண்ணீர் கண்ணாடிதானே. மேலே இருப்பதைக் கீழே கவிழ்த்தால் வேறு என்ன வரும்? இத்தனை வருஷமாக இந்த ஏரிக்கரையில் உட்காருகிறேன்.

பிப்ரவரி 16

அவர் சொன்னதுதான் சரி. இன்று காலை அதைப் பார்ப்பதற்கென்றே போனேன்.

ஏரித் தண்ணீரில் பனை முழுசாகத் தெரிகிறது, மலை பாதிகூடத் தெரியவில்லை. கரையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் கரைமேல் இருந்து பார்க்கிறேன். தண்ணீருக்குள் தெரிகிற காட்சியோ, என் கண் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அதே அளவு இறங்கி, அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. கீழே இருந்து பார்க்கும்போது பக்கத்தில் இருக்கிற கரையும் பனையும் எழும்பி நிற்கும், தூரத்து மலை அவற்றுக்குப் பின்னால் தாழ்ந்துவிடும். தண்ணீரில் மலை குறைந்து வானம் கூடுகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். கொக்கின் வெள்ளை தண்ணீருக்குள் கொஞ்சம் மங்குகிறது. பனைமரத்தின் கறுப்பு தண்ணீருக்குள் கொஞ்சம் வெளுக்கிறது. இரண்டும் நடுவில் வந்து சந்திக்கப் பார்க்கின்றன. எழுதியவருக்கு நன்றி. பழைய ஏரிப் படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்து முடித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்திருக்கிறேன்.

மார்ச் 3

இது பனை விஷயம். வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போகலாம், எனக்கு இதை எழுதியாக வேண்டும்.

வரப்பில் உட்கார்ந்திருந்தபோது பனை ஏறுகிற அண்ணன் வந்து பின்னால் நின்றார். அறுபது வயதுக்கு மேல். இன்னும் காலையும் சாயங்காலமும் ஏறுகிறார். கள்ளுக்குத்தான். எங்கள் அம்மா சொல்கிற தெளுவெல்லாம் (புளிக்காத பதநீர்) இப்போது இந்தப் பக்கம் கிடைப்பது அபூர்வம். முடித்து வைத்திருந்த படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏந் தம்பி, இந்த மூணாவது மரம் நம்ம மடைக்கிட்ட நிக்கிறதுதான?"

"ஆமாங்ண்ணா."

"அது ஆம்பளப் பனையாச்சே. அதுல எங்கிருந்து நுங்கு வந்துது?"

பனையில் ஆண் தனி, பெண் தனி. நுங்கு பெண் மரத்தில்தான். ஆண் மரத்தில் விரல் விரலாகப் பாளை தொங்கும். இது சின்னப் பையனிலிருந்து தெரியும். தெரிந்தும் மூன்று குலை நுங்கு வைத்திருந்தேன், அந்த இடத்துக்கு ஒரு கனம் வேண்டியிருந்ததால். அதோடு நிறுத்தவில்லை அவர்.

"இந்தக் காஞ்ச மட்டையெல்லாம் பாவாட மாதிரித் தொங்க உட்ருக்கியே, நான் இத ஏறுறதே இல்லீன்னு ஆச்சு."

ஏறுகிற மரத்தின் கழுத்து சுத்தமாக இருக்கும். காய்ந்த மட்டையை அரிந்து தள்ளினால்தான் உட்கார்ந்து பாளை சீவ முடியும். ஏறாமல் விட்ட மரத்தில்தான் மட்டை அடுக்கடுக்காகத் தொங்கிக் கிடக்கும், அதில் காற்று அடித்தால் சரசரவென்று சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தமும் தொங்கலும் பிடிக்கும். பிடித்ததைக் கொண்டுபோய் எல்லா மரத்திலும் மாட்டியிருக்கிறேன். இருபது வருஷமாக ஒரு மனிதர் தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிற மரத்தை, யாரும் தொடாத மரம் என்று எழுதி வைத்த மாதிரி. போர்டில் கடைக்காரர் பேரைத் தப்பாக எழுதினால் அழித்து எழுதாமல் வீட்டுக்குப் போக மாட்டேன். இதற்கு மட்டும் எப்படி மனசு வந்தது?

போகும்போது மலையைப் பார்த்துவிட்டு, "மழ வந்தா இது இன்னும் கிட்ட வந்து நிக்கும், அப்ப வரையி" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் 4

அதே மரம், கழுத்தைச் சுத்தமாக வைத்து மறுபடி வரைந்தேன். கள் இறக்குகிற பானை, இரண்டு முட்டி, கட்டியிருக்கிறது. போன படத்தைவிட நன்றாக இருக்கிறது. கழுத்துக்கும் ஓலைக்கும் நடுவில் வானம் தெரிகிறது.

மார்ச் 20

"நிலக்காட்சி என்பது பழகுகிறவர்கள் வரைவது. பெரிய ஓவியர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். கே.சி.எஸ். பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர்.

எடுத்துக்கொள்கிறேன். பணிக்கர் 1911ல் எங்களுக்கு எட்டும் தூரத்தில் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளம் வயதில் கேரளத்துப் பச்சையை வாட்டர் கலரில் வரைந்தார். பிறகு சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார், 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார், கடைசிக் காலத்தில் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த படங்களுக்குப் போனார். அந்தப் படங்களின் அச்சைப் பார்க்கும்போது எழுத்துக்காரனாகிய எனக்குக் கை பரபரக்கிறது. வாசிக்க முடியாத எழுத்தை அவ்வளவு நம்பிக்கையோடு எழுத ஒரு கை வேண்டும்.

ஆனால் அவர் தாண்டிப் போனார் என்பதற்காக நான் ஏன் கிளம்ப வேண்டும்? என் எழுத்து வேலை ஏற்கெனவே போய்விட்டது. நான் எதிர்த் திசையில் வருகிறேன், எழுத்திலிருந்து நிலத்துக்கு. போன மாதம் தண்ணீர் தெரியவில்லை, இந்த மாதம் பனை தெரியவில்லை என்று ஆகியிருக்கிறது. இவ்வளவு பாக்கி வைத்துக்கொண்டு எதைத் தாண்டுவது?

மார்ச் 21

கரன்ட் கம்பத்தை ஏன் விடுகிறீர்கள் என்ற கேள்விக்கு: விட்டது தப்பு. இனி வைப்பேன். அந்தக் கம்பியில்தான் பஞ்சுருட்டான் குருவி உட்காருகிறது.

ஏப்ரல் 18

மலையைப் பற்றி எழுத வருகிறேன். முதலில் இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன்.

சுவர் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தேன். பன்னிரண்டரை மணி வாக்கில் ஏணியிலிருந்து இறங்கினால் ஏணிக்கு நிழலே இல்லை. எனக்கும் இல்லை. பக்கத்தில் நின்ற பனைக்கு அதன் தலை அளவு வட்டமாக நிழல், காலடியில். சூரியன் நேர் தலைக்கு மேல். எங்கள் ஊர் இருக்கிற இடத்துக்கு ஏப்ரல் மாதம் இந்த வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை இப்படி வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதற்கு நடுவில் இருக்கிற நான்கு மாதமும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே இருக்கும். மற்ற எட்டு மாதம் தெற்கே.

நெல்லியாம்பதி மலை எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. எங்களைப் பார்த்து நிற்கிற அதன் முகம் வடக்கு முகம்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 19

ஜனவரி 10ல் கேள்வி கேட்டவருக்கு.

நான் சொன்ன பதில் அரைப் பதில். காற்றுத் திரை உண்மைதான். ஆனால் அந்தத் திரை நன்றாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் இருட்டு வேண்டும். தையிலும் மாசியிலும் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம், தெற்கே சாய்ந்து போகிறது. செங்குத்தான பாறை முகம் நாள் முழுக்க நிழலில் கிடக்கிறது. இருண்ட முகத்துக்கு முன்னால் வெளிச்சம் ஏறிய காற்று, அதில் தூசியும் அறுவடைப் புகையும். நீலமாகத்தான் தெரியும். நீங்கள் வந்தது ஆடியில். அப்போது சூரியன் வடகிழக்கில் எழுந்து, வடக்கே நடந்து, வடமேற்கில் இறங்குகிறது. மேகம் விலகினால் வெயில் நேரே பாறையின் முகத்தில் விழும். மழை தூசியைக் கழுவியிருக்கும். திரை மெலிந்து காடு தன் நிறத்தைக் காட்டும்.

உங்கள் போனைக் குறை சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். நாற்பது வருஷம் நடவுக்குப் போனவர். "மலை என்ன நிறம்மா?" என்றேன்.

"எப்பக் கண்ணு?"

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மா தொடர்ந்தார்: "நடவப்பப் பச்ச. குனிஞ்சு நட்டுட்டு இடுப்பப் புடிச்சு நிமுந்தா நேரா எதுத்தாப்புல அதான நிக்கும். கதுரறுக்கையில நீலம்."

மே 6

எல்லாத் தாளையும் எடுத்துத் திண்ணையில் பரப்பினேன். இங்கிலாந்து ஓவியர் கான்ஸ்டபிள் 1821லும் 1822லும் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே படம் படமாக வரைந்தார். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையெல்லாம் அவற்றின் பின்பக்கம் எழுதி வைத்தார். அதைப் படித்ததிலிருந்து நானும் எழுதுகிறேன். அவரும் பெரும்பாலும் தான் வளர்ந்த ஆற்றோரத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தவர்.

பின்பக்கங்களை மட்டும் பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டு தாள். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. கொஞ்சம் மார்ச். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஒன்றுகூட இல்லை. காரணம் சாதாரணம்தான்: மழையில் தாள் காயாது. காயாத மாதங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து, ஜனவரிப் படங்களைப் பார்த்துப் பெரிதாக வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். ஜன்னல் தெற்குப் பார்த்தது. தலையைத் திருப்பியிருந்தால் பச்சை மலை.

நாற்பத்தேழு வருஷம் இந்த மலைக்கு எதிரில் இருக்கிறேன். மழைக்காலத்தில் நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்திருப்பேன். எட்டு வயதில் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து ஒரு நிறம் முடிவாகிவிட்டது, அதற்கு மேல் கேட்கவில்லை. பனையில் நுங்கு வைத்ததும், தண்ணீரில் மலையைக் கவிழ்த்ததும் இதே கைதான். புது ஊரில் இந்தத் தப்பு வந்திருக்காது. அங்கே ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்திருப்பேன். ஜனவரியில், தெரிந்த இடம் என்பதால் மாறியதை மட்டும் பார்த்தால் போதும் என்று பெருமையாக எழுதினேனே, அந்த வரியைத் திருத்த வேண்டும். எப்படித் திருத்துவது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 12

மழை பிடித்துவிட்டது. பஸ் ஸ்டாப் நிழற்குடையில் உட்கார்ந்து மூன்று நாளாக முயற்சி. மேல்காற்று சாரலை உள்ளே கொண்டுவருகிறது. வானத்துக்குப் போட்ட வாஷ் ஒரு மணி நேரம் கழித்தும் ஈரம். அதன்மேல் மலையை வைத்தால் மலை வானத்துக்குள் ஒழுகுகிறது. மூன்றும் வீண்.

ஜனவரியில் சீக்கிரம் காய்கிறது என்று கிளிசரின் விட்டவன், இப்போது காயவில்லை என்று நிற்கிறேன். கிளிசரினை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயிற்று. வேறு வழி யோசிக்க வேண்டும்.

ஜூன் 14

டீக்கடையில் உட்கார்ந்தால் பாய்லர் பக்கத்தில் தாளைக் காட்டிக் காயவைத்துக்கொள்ளலாம். கடைக்கார அக்கா சம்மதித்துவிட்டார். "பால் பொங்குனா ஓரமா நில்லு" என்பது மட்டும் நிபந்தனை. கடையிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும், குறுக்கே மாந்தோப்பின் முனை மட்டும்.

ஜூலை 3

நாலு நாளாக மலையே இல்லை. தெற்கே வெறும் வெள்ளை. வயலில் நடவு நடக்கிறது. நட்டவர்களை வரைந்தேன். எல்லாருடைய முதுகும் ஒரே சாய்வு என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. வயதானவர்கள் முட்டியை மடக்கி நிற்கிறார்கள்.

ஜூலை 9

மேகம் அரை மணி நேரம் விலகியது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், பிரஷ்ஷை எடுக்கவில்லை. பனை அண்ணன் சொன்னது சரி, மலை கிட்ட வந்து நிற்கிறது. மரம் மரமாகப் பிரித்து எண்ணலாம் போல.

ஜூலை 21

கிடைத்தது.

காலை ஏழு மணிக்கு மழை விட்டது. ஏழரைக்குக் கிழக்கே மேகம் கிழிந்து வெயில் வந்தது. இடது பக்கமிருந்து, கொஞ்சம் எனக்குப் பின்னாலிருந்து. ஜனவரியில் இந்த வெயில் இந்தப் பக்கத்திலிருந்து வருவதே கிடையாது. மலையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து நின்றது. முன்னால் தள்ளி நிற்கிற மடிப்பு மஞ்சள் கலந்த பச்சை. உள்ளே போகிற மடிப்பில்தான் பழைய நீலம் ஒளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. நீலமும் பொய் இல்லை.

செய்முறை கேட்பீர்கள். வரைவதற்கு முன்னாலேயே அருவி இறங்குகிற நாலு இடத்தில் மெழுகுவர்த்தி முனையால் கோடு இழுத்துவிட்டேன். மெழுகில் வண்ணம் ஒட்டாது, தாள் வெள்ளையாக நிற்கும். மலை முழுவதற்கும் யெல்லோ ஓக்கரில் தண்ணீராக ஒரு வாஷ். பாய்லரில் காட்டினேன். அதற்கு மேல் கேம்போஜ் மஞ்சளும் அல்ட்ராமரைனும் கலந்த பச்சை, முன் மடிப்புகளுக்கு மட்டும். டியூப் பச்சை தொடவில்லை. மறுபடி பாய்லர். கடைசியில் பின் மடிப்புகளுக்கு அல்ட்ராமரைன், ஒரு துளி பர்ன்ட் சியன்னாவோடு. அதற்குள் எட்டே கால். மேகம் மூடிவிட்டது. மாந்தோப்பை நினைவிலிருந்து வைக்கவில்லை, வெறும் தாளாக விட்டிருக்கிறேன். பார்க்காததை வைக்க இப்போது கை வரமாட்டேன் என்கிறது. அதனால் படத்தின் வலது கீழ் மூலை காலி. கரன்ட் கம்பம் இருக்கிறது.

நன்றாக வந்திருக்கிறதா என்றால், பச்சை கொஞ்சம் கனம் கூடிவிட்டது. நாளை வெயில் வந்தால் மறுபடி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நட்டு முடிச்ச வயலு எங்க?" என்றார். அது கடைக்குப் பின்பக்கம், டீக்கடையிலிருந்து தெரியாது என்றேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார்:

ஜூலை 21. காலை 7.30 முதல் 8.15. மேல்காற்று, லேசாக. மழை விட்டு அரை மணி. மலை பச்சை.